கைச்சாத்தும் கடனும்

கடன்பட்ட ஒருவன் எழுதிக் கொடுத்த சீட்டை, அவன் மண்ணோடு மண்ணாகி இருநூறு ஆண்டுகள் சென்ற பின்னர், கடன்தொகையினும் பன்மடங்கு விலை கொடுத்து வாங்குவார் உளர் என்றால் நேயர்களிற் பலர் வியப்படைவர். அமெரிக்க நாட்டிலே அத்தகைய வாணிகம் நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. அந்நாட்டின் சுதந்திரப் பிரகடனத்திற் கைச்சாத்திட்டோர் ஐம்பத்தறுவர். அவர்கள் ஒவ்வொருவரின் கையெழுத்தையும் தேடிச் சேர்ப்பதைப் பெருமையாகக் கொண்ட செல்வர் பலர் அங்குண்டு. அந்த வரிசையில் எளிதிற் கிட்டாதது ஜோர்ஜியா நாட்டுப் பிரதிநிதியாயிருந்த பட்டன் குவின்னெற் என்பவரது கைச்சாத்தாகும். வாணிகத்தில் நொடித்துக் கடனில் மூழ்கிய இவர், பிரகடனம் வெளியாகி ஓராண்டு நிறைவதற்குள், 1777 ஆம் ஆண்டு மே மாதத்திலே துப்பாக்கிப் போட்டியொன்றிற் காயமுற்று இறந்தார். அவர் கையொப்பமாக இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ ஐம்பது. அவற்றுட் பெரும்பாலானவை அரசியற் கடிதங்கள் அல்ல. கடன் முறிகளும் காணிப் பத்திரங்களும் சாட்சிக் கையெழுத்துகளுமேயாம். 1927 ஆம் ஆண்டில் அவர் கையொப்பம் தாங்கிய கடிதமொன்று 51,000 டொலருக்கு விலைபோயிற்று. உயிரோடிருந்தபோது அக்கையொப்பத்தை நம்பிப் பணங்கொடுத்தவர்கள் இதனைக் கேட்டால் என்ன எண்ணுவார்களோ!

புரட்சிக் காலத்து அமெரிக்காவிலே பணமே கையொப்பமாக இருந்தது என்பது மிகையன்று. 1775 ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பேரவை வெளியிட்ட கடதாசி நாணயங்கள் ஒவ்வொன்றிலும் இலக்கமிட்டு, அதற்கென நியமிக்கப்பட்டோர் தம் கையாலேயே ஒப்பமிட்டனர். போர் முடியுமுன் ஏறக்குறைய 24 கோடி டொலர் பெறுமதியான நோட்டுகள் இவ்வாறு வெளிவந்தன. ஒப்பம் பெருகப் பெருக அதன் மதிப்புக் குறைந்தது. 1790 ஆம் ஆண்டிலே நூறு டொலர் நோட்டுக்கு ஒரு டொலர் என்ற வீதத்தில் அரசாங்கம் அவற்றை ஏற்றுக்கொண்டது. அப்போரின் நிதிப் பொறுப்பாளராக விளங்கிய ரொபேட் மொறிஸ் என்பவர், அரசின் பெயருக்கு மதிப்பில்லாத நாட்களிலே தமது சொந்தப் பெயரைக் கைச்சாத்திட்ட சீட்டுகளை வெளியிட்டு நாட்டின் செலவை நடத்தினார். அரசின் ஒப்பத்தை ஏற்க மறுத்த வணிகர் அவருடைய ஒப்பத்தை ஏற்றனர். ஆயினும் பின்னாளில் அவர் எல்லையற்ற காணிகளை விலைக்கு வாங்கி, 1795 ஆம் ஆண்டில் காணிக் கொம்பனி ஒன்று நிறுவி, அதன் பங்குப் பத்திரங்களிலும் கைச்சாத்திட்டார். கொம்பனி விழுந்தது. 1798 ஆம் ஆண்டிலே அவர் கடன்காரருக்கான சிறைக்குச் சென்று மூன்றாண்டுக்கு மேல் அங்கேயே கிடந்தார். அப்பங்குப் பத்திரங்கள் இன்று சேகரிப்போரின் கண்ணாடிப் பேழைகளிலே அழகுற வீற்றிருக்கின்றன.

இச்செய்திகளுக்கும் கல்முனைக் கரைக்கும் என்ன உறவு என்று நேயர்கள் வினவலாம். நேரடியான உறவு ஒன்று உண்டு. இலங்கை மத்திய வங்கி 1950 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28 ஆந் திகதி தொடங்கியபோது அதன் முதல் ஆளுநராக இருந்தவர் ஜோன் எக்ஸ்ரர் என்னும் அமெரிக்கர். 1951 ஆம் ஆண்டு சனவரி 20 ஆந் திகதியிட்டு வந்த ஒரு ரூபா, பத்து ரூபா நோட்டுகளில், நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் ஒப்பத்தோடு இவரது ஒப்பமும் காணப்பட்டது. ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் உருவமும் அதிலிருந்தது. அக்காலத்திலே கல்முனைச் சந்தையில் மீன் விற்றவரும், மருதமுனையிற் சாரம் நெய்து விற்றவரும், சம்மாந்துறையில் நெல் அளந்தவரும் அந்த அமெரிக்கரின் கைச்சாத்தைத் தம் மடியில் முடிந்துகொண்டே வீடு திரும்பினர். அதே ஆண்டுகளில் மேற்கே இங்கினியாகலையில் பட்டிப்பளை ஆற்றை மறித்து அணைகட்டியதும் ஓர் அமெரிக்கக் கொம்பனியே. அந்நீர் இறங்கி வந்து சேர்ந்த வயல்கள் யாருடைய பெயரில் எழுதப்பட்டிருந்தன, எவர் அவற்றைக் கைச்சாத்திட்டுப் பெற்றனர், எவர் கைச்சாத்திட்டு இழந்தனர் என்பதே இக்கரையின் உண்மையான பொருளாதார வரலாறு. அதனைச் சொல்லும் ஏடுகள் கண்ணாடிப் பேழைகளில் இல்லை. றங்குப் பெட்டிகளின் அடியிலே கிடக்கின்றன.

இக்கரையோரத்து எழுத்துச் சான்றுகளுள் முதன்மையானதாக வைத்தெண்ணத்தக்கது கல்முனைக்கு வடக்கே ஏறத்தாழ 25 மைல் தொலைவிலுள்ள மட்டக்களப்பிற் பிறந்தது. 1638 ஆம் ஆண்டு மே 18 ஆந் திகதி, ஒல்லாந்தத் தளபதி அடம் வெஸ்ரர்வோல்ட், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் படையோடு சேர்ந்து அங்கிருந்த போர்த்துக்கேயர் கோட்டையைக் கைப்பற்றினார். ஐந்து நாள் கழித்து, மே 23 ஆந் திகதி, இருதிறத்தாரும் உடன்படிக்கை ஒன்றிற் கைச்சாத்திட்டனர். அதனைப் போர் உடன்படிக்கை என்றே பாடநூல்கள் கூறுகின்றன. கூர்ந்து நோக்கின் அது ஒரு கடன்முறியே. போர்த்துக்கேயரை வெளியேற்ற ஒல்லாந்தர் செய்யுஞ் செலவு முழுவதையும் மன்னன் கறுவா, மிளகு, மெழுகு முதலிய பண்டங்களாற் கொடுத்துத் தீர்ப்பதென்றும், வாணிக உரிமை ஒல்லாந்தர்க்கே உரியதென்றும் அதில் எழுதப்பட்டது. கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருப்பதைப் பற்றியும் ஒரு வாசகம் இருந்தது. மன்னனிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் படியில் அது மன்னன் விரும்பினால் மட்டுமே என்ற பொருள்படும் சொற்கள் இருந்தன. ஒல்லாந்த மொழிப் படியிலோ அச்சொற்கள் இல்லை!

ஒரே கைச்சாத்து, இரண்டு வாசகம். இவ்விரண்டிற்கும் இடையே விழுந்தது இலங்கையின் கரையோரம் முழுவதும். காலி 1640 இலும், கொழும்பு 1656 இலும் ஒல்லாந்தர் கைக்கு வந்தன. கோட்டைகளை ஒப்படைக்குமாறு மன்னன் கேட்ட போதெல்லாம், முதலிற் செலவுக் கணக்கைத் தீர்க்க என்று விடை வந்தது. அக்கணக்கை எழுதியவர் ஒல்லாந்தர், கூட்டியவர் ஒல்லாந்தர், கறுவாவிற்கு விலை குறித்தவரும் ஒல்லாந்தரே. கடன் கொடுத்தவனே கணக்கேட்டையும் வைத்திருந்தால் கடன் எக்காலத்தில் தீரும்? மட்டக்களப்புச் சிறிது காலம் மன்னனிடம் மீண்டதாயினும், 1668 ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் அங்கு மறுபடி வந்து அமர்ந்தனர். 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கண்டி மன்னனுக்குக் கடற்கரையில் ஓரடி நிலமும் எஞ்சவில்லை.

இதற்குச் சற்று முன்னரே, போர்த்துக்கேயர் 1626 ஆம் ஆண்டிலே தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியை ஆண்ட செனரத் மன்னன் அவர்களில் ஏறத்தாழ நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்கள் கூறும். முன்பே இக்கரையில் வாழ்ந்தோரும் இவர்களும் கலந்து, கரவாகு, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலிய பற்றுகளிலே நெல்லும் மாடும் வாணிகமுமாய் வேரூன்றினர். காணியும் கடனும் பற்றிய சொற்களை நோக்கினாலே இவர்கள் எத்தனை ஆட்சிகளைக் கண்டவர்கள் என்பது விளங்கும். தோம்பு போர்த்துக்கேயச் சொல். கந்தோர் ஒல்லாந்தச் சொல். நொத்தாரிசும் பிறக்கிராசியும் அப்புக்காத்தும் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவை. கச்சேரி வட இந்தியாவிலிருந்து வந்தது. உறுதி, ஈடு, ஒற்றி, அறுதி ஆகியன மட்டும் எவரிடமும் கடன் வாங்காத தமிழ்ச் சொற்கள்.

ஒல்லாந்தர் ஆட்சியின் இறுதியிலே இலங்கையும் கைச்சாத்திட்ட கடதாசிப் பணத்தைக் கண்டது. ஆங்கிலேயரோடு நிகழ்ந்த போரினால் வெள்ளி வரவு குன்றவே, தேசாதிபதி வன் டி கிறாவ் 1785 ஆம் ஆண்டில் றிக்ஸ் டொலர்க் கணக்கிற் கடன் சீட்டுகளை வெளியிட்டார். அமெரிக்கப் பேரவையின் நோட்டுகளுக்கும் இவற்றிற்கும் பத்தாண்டே இடைவெளி. ஆனால் முடிவு வேறாயிற்று. 1796 ஆம் ஆண்டு பெப்ரவரியிலே கொழும்பு ஆங்கிலேயரிடம் சரணடைந்தபோது, அச்சரண் உடன்படிக்கையிலே கடன் சீட்டுகள் பற்றியும் ஒரு விதி புகுந்தது. தாம் இலங்கையை வைத்திருக்கும் வரையில், 50,000 பவுணுக்கு மேற்படாத தொகைக்கு ஆண்டொன்றிற்கு நூற்றுக்கு மூன்று வட்டியுடன் அச்சீட்டுகளுக்குத் தாமே பொறுப்பு என்று ஆங்கிலேயர் ஒப்புக்கொண்டனர். சீட்டு வைத்திருந்த ஒல்லாந்தக் குடும்பங்கள் தம்மை வென்றவரே தொடர்ந்து ஆளவேண்டுமென்று விரும்ப இதைவிடச் சிறந்த உபாயம் வேறென்ன? வாள் செய்யாததை வட்டி செய்தது. மட்டக்களப்பிலே அந்நாட்களில் அதிகாரியாக இருந்த யாக்கோப் பேர்ணாண்ட், இப்பகுதியின் நெற்செய்கையைப் பெருக்குவதிற் கருத்தூன்றியவர். 1794 ஆம் ஆண்டில் தமக்குப் பின் வருபவருக்காக அவர் எழுதிவைத்த குறிப்பேடு இப்பற்றுகளின் நிலையை அறிதற்கு இன்றும் உதவுகின்றது.

இனிக் காணிக்கு வருவோம். ஆங்கிலேயர் 1840 ஆம் ஆண்டிற் செய்த 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மோசடியையும் பொய்ச்சத்தியத்தையும் தடுப்பதற்கென வந்தது. வாயாற் பேசிச் செய்யும் காணி விற்பனை செல்லாது, எழுத்திலிருக்க வேண்டும், எழுதிக்கொடுப்பவர், உத்தரவுபெற்ற நொத்தாரிசின் முன்னிலையில், இரண்டு சாட்சிகளேனும் ஒரே வேளையிற் கூடியிருக்கக் கைச்சாத்திட வேண்டும் என்பது அதன் சாரம். இக்கரையின் வாழ்க்கையை அது மாற்றியது போல வேறொன்று மாற்றியதென்று கூறுவதற்கில்லை. அதற்கு முன் ஊரின் நினைவே உறுதியாக இருந்தது. இன்னார் பாட்டன் வெட்டிய காடு, இன்னார் தாய்க்குச் சீதனமாய் வந்த வளவு என்று மூத்தோர் சொன்னால் அது போதும். மாட்டுக்குச் சுடும் குறியே குடியின் கைச்சாத்தாக விளங்கியது. எழுத்தறியாதவனும் அக்குறியை ஒரு கூப்பிடு தூரத்திலிருந்தே வாசிப்பான். 1840 இன் பின்னர் ஊரின் நினைவு நீதிமன்றில் இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. கடதாசி முதலிடம் பெற்றது.

பழைய உறுதியொன்றை விரித்துப் பார்த்தால் அதுவே ஓர் ஊர்ச் சித்திரமாக இருக்கும். வயலின் பரப்பு ஏக்கரில் மட்டுமன்றி, விதைக்கும் நெல்லின் அளவாலும் சொல்லப்படும்: இத்தனை அவணம், இத்தனை மரைக்கால் விதைப்பாடு என்று. நான்கெல்லையும் மனிதரின் பெயரால் நிற்கும். வடக்கே இன்னாரின் வயல், தெற்கே வாய்க்கால், மேற்கே இன்ன போடியாரின் காணி, கிழக்கே கடற்கரை. எல்லைக்குரியவர் இறந்து அவர் மக்கள் பிரிந்து போன பின்னரும் அவர் பெயர் உறுதியிலே எல்லைக்கல்லாய் நின்றுகொண்டிருக்கும். தமிழரின் காணிக்கு முஸ்லிம் எல்லை, முஸ்லிமின் காணிக்குத் தமிழர் எல்லை என்பது இவ்வுறுதிகளில் வெகு சாதாரணம். அடியிலே கைச்சாத்துகள். ஒருவர் தமிழில் எழுதியிருப்பார். ஒருவர் அரபுத் தமிழ் எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதியிருப்பார். எழுதத் தெரியாதவர் முற்காலத்திற் புள்ளடியும் பிற்காலத்தில் இடது பெருவிரல் அடையாளமும் வைத்திருப்பார். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைத்துச் சாட்சி அமர்த்துவது பற்றியதே என்பதை அறிந்த சமூகத்தாருக்கு எழுத்தும் சாட்சியும் புதியனவல்ல. புதியனவாக வந்தவை முத்திரைக் கூலியும் நொத்தாரிசுக் கூலியும் தாம்.

நொத்தாரிசு எழுதும் ஒவ்வோர் உறுதியும் ஒன்றுக்கு மேற்பட்டதாகப் பிறக்கும். மூலம் காணிக்காரரிடம் போகும். ஒரு படி நொத்தாரிசின் கட்டிலே தங்கும். இன்னொரு படி அடுத்த மாதம் 15 ஆந் திகதிக்கு முன்னர்க் காணிப் பதிவுக் கந்தோருக்குச் செல்லும். நொத்தாரிசு இறந்தால் அவர் கட்டும் அக்கந்தோரையே சேரும். வெறும் நிருவாக ஒழுங்காகத் தோன்றும் இவ்விதியின் அருமை பின்னாளிலே தான் தெரிய வந்தது.

கைச்சாத்து எல்லா வேளையிலும் காப்பாற்றியதா என்றால், இல்லை. நெற்செய்கையில் விதைப்புக் காலத்திற் கைமாறு தேவை. அறுவடையில் தான் வரவு. இடைப்பட்ட மாதங்களிலே வட்டிக்காரரின் வாசலன்றி வேறு வழி பலருக்கில்லை. பெரிய பணம் கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்டது. ஐரோப்பிய வங்கிகள் நாட்டு வணிகரின் ஒப்பத்தை நேராக நம்புவதில்லை. சிறாப்பரின் பிணையும் செட்டியாரின் மேலொப்பமும் இருந்தாலே பணம் தரும். செட்டியார் கடைக்காரருக்குக் கொடுத்தார். கடைக்காரர் ஊர் முதலாளிக்குக் கொடுத்தார். முதலாளி கமக்காரருக்குக் கொடுத்தார். ஒவ்வொரு படியிலும் ஒரு சீட்டு, ஒரு கைச்சாத்து, சிறிது கூடுதல் வட்டி. 1925 ஆம் ஆண்டிலே பெரிய செட்டியார் நிறுவனமொன்று முறிந்ததும் வங்கிகள் கையை இறுக்கின; அந்த இறுக்கம் படிப்படியாகக் கீழிறங்கியது. 1934 ஆம் ஆண்டு சேர் சொராப்ஜி பொச்கானவாலாவின் தலைமையில் வங்கி ஆணைக்குழு அமைந்ததும், 1939 ஆம் ஆண்டு ஓகஸ்டிலே இலங்கை வங்கி திறக்கப்பட்டதும் இந்த நெருக்கடிகளின் தொடர்ச்சியே.

வெற்றுச் சீட்டில் ஒப்பம் வாங்கிப் பின்னர்த் தொகையை நிரப்புவது, நூறு கொடுத்து நூற்றைம்பது எழுதுவது முதலிய தந்திரங்கள் நாடெங்கும் மலிந்திருந்தன. அவற்றை அடக்க 1918 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. கையிற் கொடுத்த முதல் எவ்வளவு, முன்கூட்டியே கழித்த வட்டி எவ்வளவு, வட்டி வீதம் என்ன என்று கடன் சீட்டிலே வேறுவேறாகத் தெளிவாகக் குறிக்கவேண்டுமென்று அது கட்டளையிட்டது. ஆகவே அக்காலத்துச் சீட்டுகளின் ஓரத்திலே இம்மூன்று தொகைகளும் எழுதப்பட்டிருக்கும். எழுதியது உண்மையோ பொய்யோ, அதன் கீழே குறுக்காக ஒட்டிய முத்திரைமேற் கடன்பட்டவரின் பெயர் இருக்கும்.

சீட்டைவிடக் கொடியது ஒன்றிருந்தது. அது நிபந்தனை அறுதி. ஈடு வைத்தால், பணம் வராதபோது கடன் கொடுத்தவர் வழக்காடி, தீர்ப்புப் பெற்று, ஏலத்தில் விற்பித்தே பணத்தைப் பெறமுடியும். அதனால் வசதியுள்ளோர் ஈட்டை விரும்பவில்லை. காணியை விற்றதாகவே அறுதி உறுதி எழுதுவித்து, இத்தனை ஆண்டுக்குள் இத்தனை ரூபா கொடுத்தால் மீள எழுதிக் கொடுப்பேன் என்று ஒரு நிபந்தனையை மட்டும் சேர்த்தனர். கமக்காரர் தாம் கடன் வாங்கியதாகவே எண்ணினார்; கடதாசியோ அவர் விற்றுவிட்டதாகச் சொல்லியது. ஓராண்டு வெள்ளம், மறுவருடம் வரட்சி, அடுத்ததிலே மகளின் கலியாணம், தவணை கழிந்தது. வழக்குமில்லை, ஏலமுமில்லை. அவர் வைத்த பெருவிரல் அடையாளமே அவர் வயலைக் கொண்டுபோயிற்று. மறுபோகம் அதே வயலிலே அவர் முல்லைக்காரராய்க் கூலிக்கு நின்றார். சட்டசபையாருக்கு இது தெரியாததன்று. 1941 ஆம் ஆண்டில் கடன் இணக்கச் சபைக்கும், 1942 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்கச் சட்டத்தினாற் காணி மீட்புக்கும் வழி செய்யப்பட்டது. இவ்வாறு இழந்த காணிகளை அரசாங்கம் எடுத்து உரியவருக்கு மீளக் கொடுக்கலாம் என்பது பின்னையதன் நோக்கம். ஆயினும் மனுப் போடுவதற்கும் கடதாசி வேண்டும். கடதாசி இருந்ததோ வாங்கியவரின் பெட்டியில்.

இத்தனை கைச்சாத்துகளின் நடுவே, கல்முனைக் கரைக்கே சிறப்பான ஒன்றைக் கூறாமல் விடலாகாது. இங்குத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறை பேணுவோர். வீடு மகனுக்கன்று, மகளுக்கே. மணமான பின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். மகள் பிறந்த நாள் முதல் தந்தை சுவரெழுப்பத் தொடங்குவார் என்று ஊரிலே கூறுவதுண்டு. காவின் எழுதும் நாளுக்கு முன்னர் வீட்டையும் வளவையும், வசதியிருப்பின் வயலையும், மகளின் பெயருக்கு நன்கொடை உறுதியாக எழுதுவர். நன்கொடை செல்லுபடியாக, பெறுபவர் அதனை ஏற்றுக்கொண்டதாக இருக்க வேண்டுமென்பது சட்டம். ஆதலால் உறுதியின் அடியிலே மகளும் ஒப்பமிடுவாள்.

இதிலே ஒரு விந்தை உண்டு. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி அமைந்த பதிவேட்டில் மஹர் எவ்வளவு, கைக்கூலி எவ்வளவு என்று எழுதப்பட்டது. மணமகனும் மணமகளின் வலியும் கைச்சாத்திட்டனர். மணமகளின் கைச்சாத்தை அச்சட்டம் கேட்கவில்லை. தன் மணப்பதிவில் ஒப்பமிடாத பெண், தன் வீட்டுறுதியில் ஒப்பமிட்டாள். தென்னாசியாவின் பெரும்பகுதியிலே பெண்கள் பெயரிற் காணியே இல்லாதிருந்த காலத்தில், சாய்ந்தமருதுவிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் ஏழைப் பெண்ணின் பெருவிரல் ஒரு வளவின் நான்கெல்லைக்கு அதிகாரம் பெற்றிருந்தது. வரலாற்றாசிரியர் இக்கரையிலே தேடவேண்டிய பெறுமதி மிக்க கைச்சாத்து எது என்று கேட்டால், அதிகாரிகளின் ஒப்பமன்று, இப்பெண்களின் ஒப்பமே என்று துணிந்து கூறலாம்.

அமெரிக்கச் சேகரிப்போர் செய்த பிழை ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். பெயர்பெற்றவரின் கையொப்பத்தை மட்டும் கத்தரித்தெடுத்து, எஞ்சிய கடிதத்தை வீசிவிடும் பழக்கம் சென்ற நூற்றாண்டுகளில் அங்கு மிகுந்திருந்தது. இங்கும் முத்திரை சேர்ப்போர் பழைய உறுதிகளிலிருந்து முத்திரைகளை வெட்டியெடுப்பதுண்டு. வெட்டியவருக்கு மன்னரின் தலை கிடைத்தது. முத்திரைமேல் எழுதிய பெயரும் திகதியும் அதனோடு போய்விட, கீழே எஞ்சும் உறுதி பல்லிழந்த வாய் போலாகிறது. எஞ்சியதைக் கறையான் பார்த்துக்கொள்கிறது. ஒல்லாந்தக் கொம்பனியின் ஏடுகள் கொழும்பிலே தேசிய சுவடிக்கூடத்திற் பேணப்படுகின்றன. 2003 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அக்கொம்பனி ஏடுகளை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. கொம்பனியின் கணக்குக்கு இருக்கும் காவல் கமக்காரரின் கணக்குக்கு இல்லை.

1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆந் திகதி இரவு வீசிய சூறாவளி கிழக்குக் கரையின் கூரைகளைப் பெயர்த்தெறிந்தபோது, நனைந்து கூழான உறுதிகள் பல. பின்னர் வந்த போர்க்காலத்து இடப்பெயர்வுகளிற் பெட்டியோடு விட்டுச் சென்றவை பல. எல்லாவற்றிற்கும் மேலாக வந்தது 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆந் திகதிக் காலை. ஆழிப்பேரலையால் இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோரத் தெருக்கள் அத்திவாரம் மட்டுமாக எஞ்சின. மனிதரைப் புதைத்த பின் உயிர்தப்பியோர் தேடியது றங்குப் பெட்டியை. பெட்டி போன இடம் கடலுக்கே தெரியும்.

அப்போதுதான் மூன்றாம் படியின் அருமை தெரிந்தது. நொத்தாரிசின் கட்டும் காணிப் பதிவுக் கந்தோரின் படியும் இருந்தவர்கள், தம் பாட்டியின் பெயரையும் உறுதி எழுதிய ஆண்டையும் நினைவிற் கூட்டிக்கொண்டு அங்கே போய் நின்றனர். வங்கியிலே ஈடு வைத்திருந்தவர்களின் மூல உறுதிகள் வங்கிப் பெட்டகத்தில் நனையாமல் இருந்தன; கடன்பட்டதனாற் காணியின் கடதாசி தப்பிய விந்தையும் இதிலே உண்டு. ஒருவரும் பதிவு செய்யாத கைச்சீட்டுகளும், ஓலை உறுதிகளும், அரசாங்கக் காணிக்கான பழைய அனுமதிச் சீட்டுகளும் மீளவேயில்லை.

கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று கிழக்கிலே முதலில் விதிக்கப்பட்டது. எனவே உள்நாட்டிலே புது வீடுகள் வழங்கப்பட்டன. விண்ணப்பப் பத்திரத்திலே குடும்பத் தலைவர் என்றொரு கட்டம் இருந்தது. அக்கட்டத்திற் கணவரின் பெயர் எழுதப்பட்டது. பல இடங்களில் வீட்டுரிமையும் அவர் பெயருக்கே போயிற்று. கடல் கொண்டுபோன வீடோ மனைவியின் பெயரில், அவள் தாய் தந்தையர் எழுதிக் கொடுத்த உறுதியில் இருந்தது. தலைமுறை தலைமுறையாக மகளிர் பெயரில் ஓடிவந்த வீட்டுரிமை ஒரு கட்டத்தின் இடத்திலே தடம் மாறியது. எவரும் தீங்கு நினைந்து செய்ததாகக் கூறமுடியாது. கொழும்பிலே அச்சடித்த பத்திரத்திற்குக் கல்முனையின் வழக்கம் தெரியவில்லை, அவ்வளவே. ஆனால் இங்கே மூத்த மகளுக்குக் கொடுத்த வீட்டுக்குப் பதில் வந்த வீடு யாருக்கு என்ற வினா, அடுத்த மகளின் கலியாணம் வரும்போது எழுந்தே தீரும். அதற்கு விடை சொல்ல வல்லது பழைய உறுதியின் படி ஒன்றே.

அப்படியான படிகளிலே கடைசிப் பக்கம் ஏறக்குறைய ஒரே தோற்றமாக இருக்கும். நன்கொடை கொடுத்த தந்தையின் ஒப்பம், தாயின் பெருவிரல், சாட்சிகள் இருவர், நொத்தாரிசின் முத்திரை. அவற்றிற்கு மேலே, ஏற்றுக்கொண்டேன் என்ற சொல்லுக்கு எதிரே, பள்ளிக்கூடம் சிறிது காலமே சென்ற பெண்ணொருத்தி எழுத்தெழுத்தாகக் கோத்து எழுதிய தன் பெயர். கிழக்கெல்லை என்ற இடத்தில் கடற்கரை என்றிருக்கும்.